வயர் இல்லாத கித்தாரும் மணி அண்ணனின் எச்சரிக்கையும்

கல்யாண மண்டபத்தில் கித்தார் வாசிப்பவனை யாரும் பார்ப்பதில்லை. அவனுடைய வயர் தடுக்கி யாராவது விழுந்தால்தான் பார்ப்பார்கள். மாப்பிள்ளையின் சித்தப்பா அப்படித் தடுக்கி என்மேலேயே விழுந்த பிறகு நான் வயர்லெஸ் வாங்கினேன். ஒரு குட்டிக் கருவி கித்தாரில் இருக்கும். அதன் ஜோடி, காலால் மிதித்துச் சத்தத்தை மாற்றும் பெடல்களோடு மேடைப் பலகையில் இருக்கும். நடுவில் வெறும் காற்று. என்னைப் போலக் காற்றை நம்பிக் கெட்ட சகோதரர்களே, உங்களுக்குத்தான் சொல்கிறேன்.

பக்கத்து மண்டபம்

பத்து பாகாட் என்ற ஊரில் ஒரே கட்டடத்தில் இரண்டு மண்டபங்கள். எங்கள் பக்கம் தாலி கட்டி முடிந்த நேரம். நான் கண்ணை மூடி உருகி உருகி வாசிக்கிறேன், எங்கள் ஸ்பீக்கரில் ஒரு சத்தமும் இல்லை. அவசரத்தில் கித்தாரில் இருந்ததை மட்டும் வேறு சேனலுக்கு மாற்றிவிட்டு, பலகையில் இருந்ததை மறந்திருக்கிறேன். அந்தச் சேனலைப் பக்கத்து மண்டபத்து பேண்ட் வைத்திருந்ததால், நான் வாசித்ததெல்லாம் அவர்கள் ஸ்பீக்கரில் கேட்டிருக்கிறது. அவர்களுடைய ஆள் ஒருவர் மூச்சு வாங்க ஓடி வந்தார்.

"அண்ணே, அருமையா வாசிக்கிறீங்க. ஆனா எங்க பக்கம் பெர்த்டே கேக் வெட்டுறாங்க லா, அழ வைக்காதீங்க."

காது மிஷின்

எங்கள் பேண்ட் தலைவர் மணி அண்ணன் அன்றே சொல்லிவிட்டார்: "இன்னொரு தடவ மானத்த வாங்குன, உன் பாட்டையும் கீபோர்டுலயே வாசிக்கச் சொல்லிருவேன்." வாரம் முழுக்கத் தொழிற்சாலையில் பெட்டி ஒட்டுகிற எனக்கு அந்த மேடைதான் உயிர்.

அடுத்த கல்யாணம் பெக்கான் நானாஸ் ஊரில். பெடல்களுக்கும் வயர்லெஸுக்கும் ஒரே அடாப்டரில் கரண்ட் கொடுத்தேன். 'கீ...' என்று மெல்லிய சத்தம் நிற்காமல் வந்தது. மணி அண்ணன் திரும்பி முறைக்கும்போதெல்லாம் நானும் கீபோர்டு ராஜுவை முறைத்துச் சமாளித்தேன். முன்வரிசைப் பெரியவர் ஒருவர் நேராக என்னிடம் வந்தார்.

"சத்தம் உன்னுதா தம்பி? அலமாக், நான் காது மிஷின் கெட்டுப்போச்சுன்னு கழட்டி மருமகன திட்டிட்டேனே!"

செல்வி அக்காவின் கால்

மூன்றாவது கல்யாணம் கெலாங் பாத்தா ஊரில். மணப்பெண் மண்டபத்துக்குள் வரும் நேரம். வயர்தான் இல்லையே என்று, வாசித்துக்கொண்டே வாசலுக்குப் போய்விட்டேன். மென்மையான பாட்டு. என் கித்தாரோ லாரி என்ஜின் போல உறுமியது. உறுமல் பெடலை அணைக்கவில்லை. கால் என்னோடு வந்துவிட்டது, பெடல் மேடையிலேயே இருக்கிறது!

பாடகி செல்வி அக்காவைப் பார்த்து இடது பக்கம் கையைக் காட்டினேன். அது என் இடது. மேடையிலிருந்து என்னைப் பார்த்து நின்ற அக்கா, பட்டுச் சேலையைத் தூக்கிக்கொண்டு தன் இடது பக்கத்துப் பெடலை ஒரே மிதி மிதித்தார். அது சத்தத்தையே அடைக்கும் பெடல். கித்தார் செத்தது. ராஜு சட்டென்று கீபோர்டில் கித்தார் சத்தத்தை வைத்து என் பாட்டை வாசித்தான். மணி அண்ணன் மிரட்டியது நடந்தேவிட்டது. ஆனாலும் எல்லாக் கேமராவும் என் மேல் இருந்ததால் தலையை ஆட்டி, முட்டி போட்டு, பெண்ணின் முன்னால் ஊமைக் கித்தாரை வாசித்துத் தள்ளினேன்.

ராஜுவின் சத்தத்தை என்னுடையது என்றே நம்பி, பெண்ணின் அப்பா என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். அவர் சொந்தத்தில் இன்னொரு கல்யாணத்துக்கும் எங்களையே பேசி முடித்தார், கித்தார்காரர் கட்டாயம் வரவேண்டும் என்ற நிபந்தனையோடு. மணி அண்ணன் என்னை ஓரமாக இழுத்துப் போனார்.

"நீ பேண்ட்லயே இருடா. ஆனா செல்வி மிதிச்ச அந்தப் பெடல் அப்படியே இருக்கட்டும், இனிமே அத யாரும் தொடக்கூடாது."

ஆக, வயரிலிருந்து விடுதலை கேட்ட எனக்குச் சத்தத்திலிருந்தும் சேர்த்தே விடுதலை கிடைத்துவிட்டது.