போர்வெல்லில் வந்த சிப்பிகள்

கேளம்பாக்கத்தில் என் பக்கத்து வீட்டு ஸ்டெல்லா டீச்சர் இரண்டாவது முறையாக போர் போட்ட காலையை நான் மறக்கவில்லை. முதல் போர் வறண்டுவிட்டது. லாரித் தண்ணீரைத் தூக்கித் தூக்கி அவருக்கு முதுகே போய்விட்டது. "மண்ணைப் பத்திப் படிச்சவரு, கூட நில்லுங்க சார்" என்று என்னை அழைத்திருந்தார்.

என் ஆராய்ச்சி பழங்காலக் கடல்களைப் பற்றியது. உலகம் வெப்பமாக இருந்த காலங்களில் கடல் எதுவரை ஏறி வந்தது என்பதைப் புதைந்த சிப்பிகளை வைத்துக் கணிக்கிறேன்.

போர் குழியிலிருந்து கருஞ்சேறு வந்தது. கையைவிட்டுத் துழாவினேன். உடையாத சிப்பிகள்!

"டீச்சர், கிடைச்சிடுச்சு!" என்று கத்திவிட்டேன்.

அவர் ஓடி வந்தார். முகமெல்லாம் சிரிப்பு. "நல்ல தண்ணியா சார்?"

கடல் தங்கிய களிமண்ணில் ஊறும் தண்ணீர் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். சிப்பியைப் பார்த்த நொடியில் அது தோன்றவே இல்லை.

போர் வண்டிக்காரர் ஊறிய நீரை நாக்கில் வைத்துத் துப்பினார். "ஒரே உப்பு, அக்கா. நிறுத்திடவா?"

டீச்சர் தலையசைத்தார். பிறகு என்னிடம் மெதுவாக, "நீங்க அவ்ளோ சந்தோஷமா கூப்பிட்டீங்களா, அதான் சார்…" என்றார்.

அந்தச் சிப்பிகள் என் ஆராய்ச்சிக்கு நல்ல சான்றாயின. இன்றும் லாரி ஹாரன் கேட்டால் டீச்சர் குடத்தோடு படியிறங்குகிறார். இங்கு வரை ஏறி வந்த அந்தக் கடல் பின்வாங்கிவிட்டது என்றுதான் என் கட்டுரைகளில் எழுதிவந்தேன். இப்போது அப்படி எழுதக் கை வருவதில்லை.