பங்காக் கயிறு

அந்த இடத்தை ரிசார்ட்காரர்கள் தீவு என்கிறார்கள். எங்களுக்கு அது மேடு. கோவளத்துக்கும் முட்டுக்காட்டுக்கும் நடுவே, கழிமுகத்துக்குள் கிடக்கிற மணல் திட்டு. யாரோ ஒரு வெள்ளைக்காரன் காற்று வாங்கக் கட்டிய பங்களா அங்கே பாழடைந்து கிடந்தது. இப்போது அதற்குச் சுண்ணாம்பு அடித்து, சுற்றிலும் ஓலைக் குடில்கள் போட்டு, படகில் விருந்தாளிகளைக் கொண்டுபோய் இறக்குகிறார்கள். ஹோட்டல் மேனேஜ்மென்ட் படித்த என் மகள் அங்கேதான் வரவேற்பு மேசையில் வேலைக்குச் சேர்ந்தாள்.

போன மழைக்காலப் புயலில் முகத்துவாரம் உடைத்துக்கொண்டது. படகு போக வழியில்லாமல் வேலையாட்கள் ஓர் இரவு முழுக்க மேட்டிலேயே மாட்டிக்கொண்டார்கள். அவளுடைய போனும் அணைந்துவிட்டது. மறுநாள் கரையேறியவள் சிரித்துக்கொண்டுதான் வந்தாள். எனக்குத்தான் இன்னும் தெளியவில்லை. காற்று கொஞ்சம் பலமாக வீசினாலே எழுந்து உட்கார்ந்துவிடுகிறேன். கல்பாக்கம் அணுமின் நிலையத்தில் எனக்கு மின் பராமரிப்பு வேலை. அங்கே ஒரு நாளும் பயந்ததில்லை; அவளுக்குப் போன் போட்டால்தான், எடுக்கும்வரை வாசலுக்கும் கூடத்துக்குமாக நடக்கிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவளைக் கையோடு கூட்டிவந்துவிடுவது என்று கிளம்பினேன்.

படகுக்காரன் எங்கள் பக்கத்து ஆள்.

"இன்னா அண்ணாத்த, சட்டைக்கு இஸ்திரியெல்லாம் போட்டுகினு? தீவுக்கு டூரா?"

"பொண்ணு அங்க வேலை செய்யுது. இட்டுகினு போலாம்னு வந்தேன்."

"மேசையில உக்காருதே, அதுவா? அது வர்றதா? லைஃப் ஜாக்கெட் போடலன்னா உன் படகே வோணாம்னு என்னையே மெரட்டுது." கழியை ஊன்றினான். "தீவாம், தீவு. எங்க நைனா மாடு ஓட்டிகினு போன மேடு இது. இப்ப நான் தண்ணி குடிக்கணும்னா பின்பக்கமா போவணுமாம்."

மதியச் சாப்பாட்டு நேரம். கூடத்தில் 'பழைய காலத்து விருந்து' என்று எழுதி வைத்திருந்தார்கள். பரிமாறுகிறவர்கள் தலைப்பாகை கட்டி வெறுங்காலோடு நடந்தார்கள். மேசைகளுக்கு மேலே ஒரு நீளத் துணி, உத்தரத்திலிருந்து தொங்கி, முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருந்தது. வெள்ளைக்காரன் காலத்தில் ஆள் வைத்து இழுத்த விசிறி, பங்கா. அதன் கயிறு சுவரோரமாக இறங்கி, தரையில் உட்கார்ந்திருந்த ஒரு பெண்ணின் கையில் முடிந்தது.

அந்தப் பெண் என் மகள்.

சாப்பிட வந்தவர்களில் ஒரு வெள்ளைக்காரர்கூட இல்லை. எல்லாரும் சென்னையிலிருந்து காரில் வந்தவர்கள். என்னைப் போலவே வியர்த்துக்கொண்டு, என்னைப் போலவே தமிழ் பேசுகிறவர்கள். ஓர் இளைஞர் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "கொஞ்சம் ஸ்பீடா இழும்மா, ரீல் எடுக்கறோம்" என்றார்.

நான் அவளிடம் போய்க் குனிந்தேன். "இன்னாம்மா வேலை இது?"

அவள் என் முகத்தைப் பார்க்காமல், "சார், உங்க டேபிள் அந்தப் பக்கம் சார்" என்றாள்.

சார். என் மகள் என்னை அப்படி அழைத்ததில்லை.

அடுத்தவர் நிலத்தில் குனிந்து வாழ்ந்த குடும்பம் எங்களுடையது. குனிந்தது பசிக்காக. இது பசியும் இல்லை, வேலையும் இல்லை, விளையாட்டு. நாங்கள் குனிந்து நின்ற காலத்தை எடுத்துவந்து, இலைக்குப் பக்கத்தில் ஊறுகாய் மாதிரி வைத்திருந்தார்கள். என் கண் தானாகச் சுவரில் மின்சாரத்தைத் தேடியது. மூங்கில் தட்டிகளுக்குப் பின்னால் சுவர் விசிறிகள் இருந்தன. குடை பிடித்த வெள்ளைக்காரச் சீமாட்டி படத்துக்கு அடியில் ஒயர் பைப் ஓடியது. படத்தை நகர்த்தினேன். சுவிட்ச் போர்டு.

எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. யாராவது லைனில் வேலை செய்துகொண்டிருந்தால் சுவிட்சில் அட்டை ஒன்று தொங்கும். அட்டை தொங்குகிறதா என்று பார்க்காமல், அனுமதிச் சீட்டு இல்லாமல், எந்த சுவிட்சையும் தொடக் கூடாது. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து நான் அப்படித் தொட்டதில்லை. அன்றும் பார்த்தேன். அட்டை இல்லை. அனுமதியும் இல்லைதான். எல்லாவற்றையும் போட்டேன்.

விசிறிகள் ஒன்றாகச் சுற்றின. மூங்கில் தட்டி ஒன்று கழன்று விழுந்தது. காகிதக் கைக்குட்டைகள் பறந்து மீன் குழம்பில் இறங்கின. ஒரு பாட்டியம்மா மட்டும், "அப்பாடா, இப்பத்தான்யா உயிரு வந்துச்சு" என்றார்.

மேலாளர் ஓடிவந்தார். "சார், அது போடக் கூடாது. ஆம்பியன்ஸ் கெட்டுப்போகும்."

"கரண்ட் இருக்கு, ஃபேன் இருக்கு. அப்புறம் எதுக்கு என் பொண்ணு?"

"உங்க பொண்ணா?" என்றவர் அவளைத் திரும்பிப் பார்த்தார். அவள் எழுந்து நின்றாள். கயிறு தரையில் கிடந்தது. என் முழங்கையைப் பிடித்து வெளியே, தென்னை மரத்தடிக்கு இழுத்துப்போனாள்.

"உன்ன யாரு வரச் சொன்னது? எனக்குப் பேசத் தெரியாதா? இதுக்கு ஆள வைக்காதீங்கன்னு நான் ரெண்டு வாட்டி சொல்லிக்கீறேன். இன்னிக்கி இழுக்கிறவன் லீவு, என்னை உக்கார வச்சிட்டாங்க. நீ வந்து ஃபேனைப் போட்டுட்ட. இனிமே 'அவங்கப்பா வந்து கலாட்டா பண்ணாரு'ன்னுதான் பேசுவாங்க."

"பேசட்டும். கெளம்பு, வூட்டுக்குப் போலாம்."

"மாட்டேன்."

"மறுபடி புயல் வந்தா?"

"வந்தா படகுல ஏறுவேன். ஏற முடியலன்னா அன்னைக்கி மாதிரி பங்களா மாடியில கீறேன். நைனா, இது நம்ம மேடு. நான் எதுக்குப் போணும்?" கண் கலங்கியிருந்தது, ஆனால் குரல் உடையவில்லை. "கயித்த வுட்டுட்டேன். வேலைய வுட மாட்டேன். இதைத்தான் உள்ள போய்ச் சொல்லப்போறேன். நீ படகு ஏறு."

சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். வாசலில் தலைப்பாகைப் பையன்கள் இரண்டு பேர் அவளுக்கு வழிவிட்டதைப் பார்த்தேன். ஒருவன் தலைப்பாகையைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டிருந்தான்.

தனியாகப் படகேறினேன். "வரலியா?" என்றான் படகுக்காரன். "வராது" என்றேன். அவன் லைஃப் ஜாக்கெட்டை என் மடியில் போட்டான். "போட்டுக்க அண்ணாத்த. அது பாத்துகினு கீது."

பயம் போய்விட்டது என்று சொன்னால் பொய். நேற்று மாலை வானம் கறுத்ததும் ரிசார்ட் எண்ணுக்கே போன் போட்டேன். வரவேற்பு மேசைக்குரிய இங்கிலீஷில் வணக்கம் சொன்னாள்.

"காத்து பலமா கீதா?"

"ஃபேன் காத்துதான், சார்." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "கயித்தச் சுருட்டிப் பரண்ல போட்டாச்சு, நைனா. கெஸ்ட் நிக்கிறாங்க. போனை வையி."