நான் அளந்த தெருக்கள்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளில் மலாயாவின் ஈப்போ நகரம் வேகமாகப் பெருத்துக்கொண்டிருந்தது. ஊரோரத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் பாதியைக் கடைவீடுகள் கட்ட விற்றுவிட்டார்கள். அங்கே தெருக்களை அளக்க வந்த யாழ்ப்பாணத்துச் சர்வேயரிடம் நான் அளவுச் சங்கிலி பிடிக்கும் வேலையில் இருந்தேன். எனக்கு இருபத்திரண்டு வயது.

மீதித் தோட்டத்தில் தொழிலாளர் குடியிருந்த லயத்திலிருந்து ஆஸ்பத்திரிக்கு ஓர் ஒற்றையடிப் பாதை. கால்மணி நேர நடைதான். நாங்கள் அளந்த நிலத்தின் குறுக்கேதான் அது போனது.

அந்தத் தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டும் பெண் ஒருத்தி ஒருநாள் என்னிடம் வந்தாள். "அண்ணே, இந்த வழிய மட்டும் அடைக்காம விடச் சொல்லுங்க லா. தோட்டத்துல மருந்து குடுக்கிற டிரெசர விட்டா எங்களுக்கு வேற ஆளு இல்ல" என்றாள். சொல்கிறேன் என்றேன்.

மறுநாள் சர்வேயரே பாதையைக் காட்டி, "இதால ஆக்கள் போறவையோ?" என்று கேட்டார்.

ஆமென்றால் ஒரு வார வேலையை வெயிலில் மறுபடி அளக்க வேண்டும். "ஆடு மாடுதாங்க ஐயா போவுது" என்றேன். அவர் தலையாட்டிவிட்டு நடந்தார்.

ஆறேழு மாதத்தில் கடைவீடுகள் எழும்பின. எந்தத் தெருவில் நுழைந்தாலும் முடிவில் கடைவீடுகளின் ஒரே நீளச் சுவர். ஆஸ்பத்திரி அதற்கு அப்பால்.

ஒரு மதியம், மழை விட்டிருந்தது. பக்கத்து நிலத்தை அளந்துகொண்டிருந்தேன். மூன்று பேர் கம்பில் கட்டிய போர்வைத் தூளியோடு செம்மண் சேற்றில் ஓடிவந்து, புதுத்தெரு ஒன்றில் நுழைந்து, சுவரைப் பார்த்துத் திரும்பினார்கள். தூளியில் அந்தப் பெண். பிரசவ வலி கண்டிருந்தது, ரத்தம் நிற்கவில்லை.

அவள் கணவர் மூச்சு வாங்க என்னிடம் கேட்டார்: "நீங்கதான அளந்தீங்க அண்ணே, எந்தத் தெரு அந்தப் பக்கம் போவும்?"

"எதுவும் போவாது. பெரிய ரோட்டச் சுத்தித்தான் போவணும்."

நானும் கம்புக்குத் தோள் கொடுத்தேன். வழுக்கி வழுக்கி ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடினோம். பாதி வழியிலேயே முனகல் நின்றுவிட்டது. ஒருவரும் தூளிக்குள் குனிந்து பார்க்கவில்லை. ஆஸ்பத்திரியில் தாயும் இல்லை, பிள்ளையும் இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.

வராந்தாவில் அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "தூக்க வந்தீங்களே அண்ணே, ரொம்ப நன்றி" என்றார். நான் செய்ததைச் சொல்லாமலே கையை விடுவித்துக்கொண்டு, சங்கிலியைப் போட்டுவிட்டு வந்த இடத்துக்குத் திரும்பி நடந்தேன்.

அதன் பிறகும் பல வருஷம் தெருக்கள் அளந்து பிழைத்தேன். எத்தனையோ பேர் திட்டியதெல்லாம் மறந்துபோயிற்று. அந்த மனிதர் சொன்ன நன்றி மட்டும் இன்றுவரை எனக்குச் செரிக்கவில்லை.