முருங்கை போனபின் வந்த புறாக்கள்

இன்று காலை மாடியில் காயப்போட்ட வெள்ளைச் சட்டையில் புறா எச்சம். "நம்ம ஊட்டைச் சுத்தி எத்தனை பறவைங்கப்பா" என்று மகள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏன் என்று தெரியாமலே சட்டையைக் கசக்கிக்கொண்டிருந்தபோது மண்ணரையில் குடியிருந்த காலம் ஞாபகம் வந்துவிட்டது, பாருங்கள்.

அப்போது நான் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. சரசக்காவின் லைன் வீடுகளில் ஒன்றில் வாடகைக்கு இருந்தேன். எல்லா வீட்டுக்கும் பொதுவாக மண் வாசல், ஓரத்தில் கிளுவைச் செடி வேலி, நடுவில் ஒரு முருங்கை. அவ்வளவுதான் பச்சை. முருங்கைப் பூவுக்குத் தேன்சிட்டு வரும், கிளையில் மைனா அடையும், வேலியடிச் சருகைக் கிளறத் தவிட்டுக்குருவிக் கூட்டம் வரும். பேரெல்லாம் பின்னால் தெரிந்துகொண்டவை; அன்று எனக்கு எல்லாமே குருவிதான்.

பக்கத்து வீட்டு மெர்சி அக்கா தூத்துக்குடிப் பக்கம். கைக்குழந்தையை விட்டுக் கம்பெனிக்குப் போக முடியாமல், பனியன் கட்டுகளை வீட்டுக்கே வாங்கிப் பிசிர் நூல் வெட்டுவார். உள்ளே வெளிச்சம் போதாது, முருங்கை நிழல்தான் இடம். ஒருநாள் வெள்ளைப் பனியனில் குருவி எச்சம் விழுந்து கட்டு திரும்பி வந்தது. இன்னொரு தடவை கறைபட்டால் வேலை கிடையாது என்று கான்ட்ராக்டர் சொல்லிவிட்டார்.

"ஏங்கண்ணு, மரம்னு இருந்தா குருவி வராமயா இருக்கும்?" என்றார் சரசக்கா.

"அப்ப மரத்தை எடுத்திருங்கக்கா. பிள்ளைய விட்டுட்டு நான் எங்க போவ?"

முருங்கை போயிற்று. கையோடு வேலியையும் பிடுங்கிச் சுவர் வைத்து, வாசலுக்குச் சிமெண்டு பூசி, மேலே தகரக் கூரை போட்டார் சரசக்கா. எல்லோருக்கும் நல்ல காரியம் என்றே பட்டது.

குருவிகள் நின்றன. தகரத்துக்கு அடியில் இரும்புச் சட்டத்தில் புறாக்கள் வந்து உட்கார்ந்தன. அதுகளுக்குப் பூவும் வேண்டாம், புழுவும் வேண்டாம். ஒரு விளிம்பு போதும். விரட்டினால் எதிர்ச் சட்டத்துக்குப் போகும். சீக்கிரமே பனியன் கட்டின்மேல் மறுபடி எச்சம்.

"செடிய எடுத்தா குருவி போயிரும்னுதானக்கா நினைச்சோம். இது எங்கேருந்து வந்துச்சி?" என்று கேட்டார் மெர்சி அக்கா.

கான்ட்ராக்டர் சொன்னபடியே வேலையை நிறுத்திவிட்டார். குழந்தையைச் சரசக்காவிடம் விட்டு மெர்சி அக்கா கம்பெனிக்குப் போன முதல் நாள், அழுத குழந்தையைச் சரசக்கா இடுப்பில் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தார். "புறா பாரு கண்ணு" என்று மேலே காட்டினார். குழந்தை பார்க்கவில்லை. அதற்குத் தெரிந்த குருவிகள் தரையில் தத்துகிறவை, தவழ்ந்து துரத்தக்கூடியவை. இறக்கிவிட்டதும் சிமெண்டில் தவழ்ந்து போய், வேலி இருந்த இடத்தில் சுவரைத் தட்டித் தட்டி அழுதது. யாரை நொந்துகொள்வதென்று எனக்கு அன்றும் தெரியவில்லை, இன்றும் தெரியவில்லை.