அணைத்து வைத்த ரெக்கார்டர்

எட்டாம் வகுப்போடு நின்றவன் நான். சடங்குகளை ஆராய்வதும் ஒரு வேலை என்று அந்தம்மா என் ஆட்டோவில் ஏறிய பிறகுதான் தெரியும். வெள்ளத்தில் ஆள் போன ஊர்களில் என்னென்ன செய்து கும்பிடுகிறார்கள் என்று எழுதுகிறவர். நரைத்த கிராப்புத் தலை, கைத்தறிச் சேலை, கழுத்தில் தொங்கும் ரெக்கார்டர்.

கூமாப்பட்டியில் என் அக்கா வீட்டுக்குத்தான் கூட்டிப்போனேன். மச்சானை ஓடை வெள்ளம் கொண்டுபோன நாளில் வருசாவருசம் அக்கா கரையில் சோறு படைப்பாள். அன்று அந்த நாள்.

"யக்கா, பாத்துப் பேசு. எல்லாம் மிஷின்ல ஏறுது" என்று பதறினேன்.

"சும்மா கெடலே" என்றாள்.

மச்சான் பெயரைச் சொன்னதும் அக்காவுக்கு ஒப்பாரி வெடித்தது. அந்தம்மா உடனே ரெக்கார்டரை அணைத்துப் பைக்குள் போட்டுவிட்டார். அன்று பிறகு போன மற்ற வீடுகளிலும் அப்படித்தான் செய்தார்.

திரும்பும்போது ஸ்ரீவில்லிபுத்தூர் ரோட்டில் கேட்டேன்.

"அழுகும்போது மட்டும் ஏன் மேடம் ஆஃப் பண்ணிடுறீக?"

"கடல் ஊருக்குள்ள வந்தப்ப எங்கம்மா போயிட்டாங்க. நான் அழுததை யாரோ பதிவு பண்ணியிருக்காங்க. பின்னாடி நான் படிச்ச காலேஜ்ல, ஒரு கூட்டத்துல அதைப் போட்டுக் காட்டினாங்க. என் குரல்தாண்ணே."

என்னையறியாமல் வண்டியை ஓரம் கட்டிவிட்டேன்.

"பொறவு?"

"முடிஞ்சதும் எல்லாரும் கை தட்டினாங்க. நானும் தட்டினேன்."

வண்டியை மறுபடி கிளப்பினேன். இப்போதும் எந்த மண்டபத்தில் கைதட்டல் கேட்டாலும், கூட்டத்துக்குள் அந்தம்மா உட்கார்ந்திருக்கிறாரோ என்று பயந்து பயந்து தேடுகிறேன்.