மாடிச் சாவியும் ஒரு கீற்றுப் பிறையும்

எம்.கே.பி. நகரில் நாங்கள் இருக்கும் குடியிருப்புக்கு ஒரே மொட்டை மாடிதான். பௌர்ணமி தோறும் நாங்கள் சில குடும்பங்கள் அங்கே ஜமக்காளம் விரித்து புத்த வந்தனம் சொல்வோம். ரம்ஜான் தொடங்கும்போதும் முடியும்போதும் எதிர் வீட்டு அக்கா பிறை தேடி அதே மாடிக்கு வருவாள். முழு நிலா எங்களுக்கு, கீற்று நிலா அவளுக்கு என்று பங்கு பிரித்துக்கொண்டிருந்தோம். இதில் ஒரு நாளும் சண்டை வந்ததில்லை. தண்ணீர் லாரி வந்தால்தான் சண்டை.

போன வருடம், நாட்டில் கெட்டுப்போன காலம் எங்கள் படிக்கட்டிலும் ஏறி வந்தது. எந்த ஊர் மாடி என்றே தெரியாத ஒரு வீடியோ. குல்லா போட்ட சிலர் கூடி நிற்கிறார்கள். அதன் கீழே வாய்கூசும் வார்த்தைகள். எங்கள் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் யாரோ அதைப் போட்டார்கள். போட்டவரைத் திட்டி, நான் கையில் வந்ததையெல்லாம் எழுதித் தள்ளினேன். வழக்கம்போல என்னைத்தான் அமைதியாக இருக்கச் சொன்னார்கள். மறுநாள் துணி காயப்போடும்போது அக்கா, "பெருநாள் முடிஞ்சதும் வூட்ட காலி பண்ட்டு போயிடலாம்னு கீறோம்மே. மன்சே சரியில்ல" என்றாள்.

என் பிரசவத்துக்கு ஆட்டோவில் என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தவள் அவள்.

பெருநாள் பிறை பார்க்கும் மாலையில் மாடிக் கதவில் புதுப் பூட்டு தொங்கியது. குடியிருப்புச் சங்கச் செயலாளர் போட்டது. அவர்தான் கீழே மளிகைக் கடை வைத்திருப்பவர், தென்காசிப் பக்கம், எல்லோருக்கும் அண்ணாச்சி. கெட்டவர் இல்லை, பயந்தவர்.

"காலம் சரியில்லம்மா. யாராவது படம் எடுத்துப் போட்டா நாமதான் பதில் சொல்லணும். எதுக்கு வம்பு?"

"அப்போ எங்க பௌர்ணமிக்கும் பூட்டுவீங்களா அண்ணாச்சி? சாவிய குடுங்க. இல்லாங்காட்டி கட வாசல்லயே குந்திக்குவேன்."

குந்துவேன் என்று அவருக்குத் தெரியும். சாவியோடு அவரும் மேலே வந்தார், காவலுக்காம்.

வரமாட்டேன் என்ற அக்காவை நான்தான் இழுத்துக்கொண்டு போனேன். அவள் வீட்டுக்கார பாயும் என் கணவரும் பின்னால் வந்தார்கள். பெரம்பூர்ப் பக்கம் வானம் செம்மண் நிறத்தில் கிடந்தது. குப்பை எரியும் புகை வேறு. எத்தனையோ வருடம் பார்த்தும் எனக்குப் பிறை தெரிந்ததே இல்லை. யாராவது விரல் நீட்டினால் "ஆமாம், ஆமாம்" என்றுவிடுவேன்.

"அந்தா! பிறை!"

கத்தியது அண்ணாச்சி. அவர் காட்டிய இடத்தில் வளைந்த வெள்ளைக் கீற்று ஒன்று பளபளத்தது. வந்த வேலையை மறந்துவிட்டு, கைப்பிடிச் சுவரில் எக்கி, கடையில் இருந்த மனைவிக்குக் குரல் கொடுத்தார். "ஏம்மா, சேமியாவ முன்னால எடுத்து வை! பெருநாள் வந்தாச்சு!"

பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தப் பிறை நீண்டது. நீண்டுகொண்டே போய்த் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் மறைந்தது. விமானம் விட்டுப்போன புகை.

"அண்ணாச்சி, உங்க பிறை பாம்பேக்குப் போவுது" என்றார் பாய்.

அக்கா சிரித்துவிட்டாள். வீடியோ வந்த நாளிலிருந்து அவள் சிரித்து நான் பார்க்கவில்லை. அண்ணாச்சியும் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார்.

சிரித்து ஓய்ந்தபோது அக்கா துப்பட்டாவை இழுத்துவிட்டுக்கொண்டு கையேந்தி நின்றாள். அவள் பார்த்த திசையில் பார்த்தேன். புகைக்கு மேலே, வெட்டிப் போட்ட நகம்போல, நிஜப் பிறை. யாரும் விரல் நீட்டாமல் எனக்கே தெரிந்தது. இருட்ட இருட்ட, மீதி உருண்டையும் சாம்பல் நிறத்தில் மங்கலாகத் தெரிந்தது. அது பூமியின் வெளிச்சம் என்று பள்ளியில் படித்திருக்கிறேன். இங்கே விழும் வெயில்தான் திரும்பி அங்கே போகிறதாம். இத்தனை வன்மத்தையும் பூட்டையும் வைத்துக்கொண்டிருக்கும் இந்தப் பூமியிலிருந்து, அவ்வளவு தூரத்துக்கு வெளிச்சம் போகிறதா! அதைப் பார்க்கும் கண்ணைக் கொடுத்ததற்கு யாருக்கு நன்றி சொல்வது என்று தெரியாமல் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

இறங்கும்போது அவள் என் தோளை இடித்தாள். "இன்னாமே, அண்ணாச்சிகூட சேந்து நீயும் ப்ளேன் புகையத்தான பாத்துகினு இருந்த? அடுத்த வருசம் கண்ணாடி போட்டுகினு வா."

இரண்டு படி இறங்கிய பிறகுதான், அவள் 'அடுத்த வருசம்' என்றது எனக்கு உறைத்தது. நான் எதுவும் கேட்கவில்லை. கேட்டால் மாற்றிச் சொல்லிவிடுவாளோ என்று பயம்.

இந்த வருடம் அக்காவோடு மாடிக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டுதான் போனேன்.