அப்பாவின் மூக்கு

கண்ணாடிக் கடையில் அவளுக்கு வேலையே அடுத்தவர் மூக்கைப் பார்ப்பதுதான். மூக்குக்கண்ணாடி பிரேமை மாட்டிவிட்டு, நழுவுகிறதா, அழுத்துகிறதா என்று பார்த்துச் சரிசெய்து கொடுப்பாள். சுற்றிலும் நிலைக்கண்ணாடிகள். எந்தப் பக்கம் திரும்பினாலும் நடுவில் புடைத்து, நுனி வளைந்த அவளுடைய மூக்குதான் முதலில் முன்னால் வந்து நிற்கும். "அப்படியே அப்பனை உரிச்சு வச்சிருக்கு" என்று யாராவது சொன்னால், ஸ்கூட்டர் மெக்கானிக்கான அவளுடைய அப்பாவுக்கு வாயெல்லாம் பல். அவளுக்கோ முகம் சுண்டிப்போகும்.

ஒருநாள் வீட்டில் மூச்சு விடாமல் ஆஸ்பத்திரிக்குப் போய் மூக்கைத் திருத்திக்கொண்டாள். தோழி வீட்டில் தங்கிவிட்டு, கட்டோடு வாசலில் வந்து நின்றவளைப் பார்த்து அம்மா அலறிவிட்டாள். உண்மையைச் சொல்ல யோசித்து வைத்திருந்த பேச்சு மறந்தேபோயிற்று.

"ஸ்கூட்டர் பிரேக் ஜாம் ஆயிடுச்சும்மா. முகம் போய் ஹேண்டில்ல மோதிடுச்சு."

வாயில் வந்ததைச் சொன்னாள். அந்த பிரேக்கை முந்தின வாரம்தான் அப்பா மாற்றிக் கொடுத்திருந்தார்.

அவர் வண்டியின் சக்கரத்தைக் கழற்றினார், பூட்டினார், ஓட்டிப் பார்த்தார், மறுபடி கழற்றினார். ஒரு குறையும் அகப்படவில்லை. அகப்பட்டிருந்தால்கூட மனிதர் ஆறியிருப்பார். அதன்பிறகு பட்டறைக்கு வந்தவர்களிடம், "பிரேக் வேலையா? வேற எடத்துல பாத்துக்கங்க" என்று திருப்பி அனுப்பினார். மகளைக் கண்டால் தலையைக் குனிந்துகொண்டு நகர்ந்தார்.

"பொண்ணு மூஞ்சிய நானே கெடுத்துட்டேன்னு புலம்புறாருடி" என்றாள் அம்மா. மகள் சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்தாள். எழுந்து நேரே பட்டறைக்குப் போனாள்.

"அப்பா, பிரேக்ல ஒண்ணும் இல்ல. நான் எங்கயும் இடிச்சுக்கவே இல்ல. ஆபரேஷன் பண்ணிக்கிட்டேன். மூக்கை மாத்திக்கத்தான்."

"அப்ப பிரேக் நல்லாத்தான் இருந்துச்சா?"

"நல்லாத்தான் இருந்துச்சுப்பா."

அப்பாடா என்று பெருமூச்சு விட்டார். அதன் பிறகுதான் மற்றது உறைத்தது. கை தானாக மூக்குக்குப் போக, கிரீஸ் அப்பிக்கொண்டது.

"இது அவ்வளவு அசிங்கமாவாம்மா இருக்கு?"

"உங்களுக்கு எடுப்பா இருக்குப்பா. எனக்குத்தான் பிடிக்கல. சொல்லாம செஞ்சது தப்பு. பழிய உங்க மேல போட்டது அதைவிடத் தப்பு."

"சொல்லியிருந்தா வேணாம்னுதான் சொல்லியிருப்பேன்" என்றார் அப்பா. கந்தல் துணியில் கையைத் துடைத்துக்கொண்டே, "ஆனா ஆஸ்பத்திரிக்குக் கூட வந்து உக்காந்திருப்பேன்ல" என்றார்.

திட்டியிருந்தால் தாங்கிக்கொண்டிருப்பாள். கூனிக்குறுகிப் போனாள்.

விஷயம் தெரிந்ததும், "எங்க ஜாடை உனக்கு ஆகலையா?" என்று கேட்டதோடு சரி, அம்மா வெகுநாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. அப்பா மட்டும், கட்டுப் பிரிக்கிற அன்று பட்டறையைப் பூட்டிவிட்டுக் கூட வந்தார். மூக்கு அவள் ஆசைப்பட்ட மாதிரியே வந்திருந்தது. மனசுக்குள் துள்ளிய சந்தோஷத்தை வெளியில் காட்ட வெட்கமாக இருந்தது.

அப்பா இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்ந்து பார்த்தார். "வேலை சுத்தமாத்தான் பண்ணியிருக்கான்" என்றார், இன்னொரு மெக்கானிக்கைப் பற்றிச் சொல்வதுபோல. அவள் சிரித்துவிட்டாள். அவரும் சிரித்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பக்கவாட்டில் தெரிந்த அந்த முகத்தை அவளால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.